ஒன்பதாம் டிரம்மும் சங்கரன் நெற்றியும்

சங்கரனுக்குப் பயம் எந்த வயதில் வந்தது என்று கேட்டால், அவரை முந்திக்கொண்டு வந்துவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும். வெளியே என்ன காத்திருக்கிறதோ என்று அஞ்சி, டாக்டர் குறித்துக் கொடுத்த நாளுக்குப் பதினொரு நாள் கழித்துத்தான் அம்மாவின் வயிற்றை விட்டு இறங்கினார். இறங்கிய பிறகும் அழவில்லையாம். அழுதால் யாராவது திட்டுவார்களோ என்று பார்த்துக்கொண்டே இருந்தாராம்.

லிஃப்ட் என்றால் பயம், ஆகையால் மாட்டுங்கா வீட்டின் ஐந்து மாடிக்கும் படி. படியில் நாய் படுத்திருக்குமோ என்று பயம், ஆகையால் ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு செருமல். நாலாவது செருமல் காதில் விழுந்ததும் மேலே அவர் மனைவி ருக்கு காபிக்குப் பாலை அடுப்பில் ஏற்றுவாள். கிங்ஸ் சர்க்கிள் ஸ்டேஷனில் அவர் நிற்கும் கல் மட்டும் மற்றக் கற்களைவிட அரை அங்குலம் இறங்கியிருக்கும். இருபத்தெட்டு வருஷம் ஒரே கல்லில் நின்று, ஒவ்வொரு ரயிலுக்கும் ஒரே மாதிரி நடுங்கினால் கல் என்ன செய்யும்?

இப்படிப்பட்ட மனிதருக்கும் பயமில்லாத இடம் ஒன்று இந்தப் பம்பாயில் இருந்தது. செம்பூர் ஸ்டேஷனிலிருந்து பத்து நிமிஷ நடையில் ஒரு தனியார் பரிசோதனைச் சாலை. மருந்துக் கம்பெனிகளும் பெயின்ட் கம்பெனிகளும் தங்களிடம் வந்த சரக்கு அசலா கலப்படமா என்று பார்க்கச் சொல்லி அங்கே அனுப்பும். அதன் கடைசிக் கோடியில் ஜன்னலே இல்லாத ஓர் அறை. அறைக்குள் ஓர் இன்ஃப்ராரெட் இயந்திரம். பி.எஸ்ஸி. முடித்த கையோடு அதன் முன்னால் உட்கார்ந்தவர்தான் சங்கரன். அது சத்தம் போடாது, கடிக்காது, மேலும் கீழும் போகாது.

கண்ணுக்குத் தெரியாத வெப்ப வெளிச்சத்தை அது ஒரு பொருளின் ஊடே செலுத்தும். பொருள் அந்த வெளிச்சத்தில் தனக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தை விட்டுவிடும். எதை எடுத்தது, எதை விட்டது என்பதை இயந்திரம் ஒரு நீளக் கோடாக வரைந்து காட்டும். எடுத்த இடத்தில் கோடு பள்ளமாக இறங்கும். சர்க்கரைக்கு ஒரு வரிசைப் பள்ளம், சாராயத்துக்கு வேறு வரிசை. கல்யாணப் பந்தியில் எழுந்துபோன இலையைப் பார்த்தே, உட்கார்ந்திருந்தது சம்பந்தியா, சர்க்கரை வியாதிக்காரரா, அழைக்காமல் வந்தவரா என்று சொல்லிவிடுகிற சமையல்காரர்கள் உண்டல்லவா? அதே மாதிரிதான் சங்கரனும். கோட்டைக் காட்டினால் பொருளின் பெயரைச் சொல்லிவிடுவார்.

பொருளைத் தாங்குகிற தகடுகள் கண்ணாடியில் செய்தவை அல்ல, உப்பில் செய்தவை. ஈரம் பட்டால் மங்கிவிடும். அதனால் காற்றை உலர்த்தும் பெட்டி ஒன்று அந்த அறையில் எந்நேரமும் உறுமிக்கொண்டிருக்கும். ஊரே முழங்கால் தண்ணீரில் நிற்கிற ஜூலை மாதத்திலும் அங்கே பொரித்த அப்பளம் நமுத்துப்போகாது. சங்கரன் ஒருமுறை வைத்துப் பார்த்திருக்கிறார். எட்டாம் நாள் கடித்தபோது நொறுங்கிய சத்தம் செம்பூர் மார்க்கெட் வரைக்கும் கேட்டதாம்.

பயம் அந்த அறைக்குள்ளும் நுழைந்தது பதினொரு வருஷம் முன்பு, ஒரு மே மாதம்.

அன்று ஏ.சி. பழுது. சர்க்கரை வியாதி மருந்துக்கான வெள்ளைப் பொடி ஒன்று சோதனைக்கு வந்திருந்தது. பொடியில் ஒரு சிட்டிகையை உப்புடன் சேர்த்துச் சின்னக் கல்வத்தில் அரைத்து, வில்லையாக அழுத்தி இயந்திரத்தில் வைக்க வேண்டும். வைத்தார். இருக்கக் கூடாத இடத்தில் ஒரு பள்ளம் தெரிந்தது. சுண்ணாம்புக்கல்லின் பள்ளம். கலப்படமா, தன் கைப்பிழையா? குனிந்து மறுபடி அரைத்தார். பள்ளம் ஆழமாயிற்று. மூன்றாம் முறை இன்னும் ஆழம். இனிச் சந்தேகமே இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். நாற்பது டிரம் சரக்கு திரும்பிப் போயிற்று. விற்றவன் விடவில்லை, வேறோர் இடத்தில் சோதித்தான். பொடி சுத்தம்.

டெல்லியிலிருந்து ஒரு நிபுணர் வந்தார். ரிக்கார்டைப் பார்க்கவில்லை, கல்வத்தைப் பார்க்கவில்லை. சங்கரனின் நெற்றியைப் பார்த்தார். அங்கே வியர்வையில் பாதி கரைந்து பாதி காய்ந்த மூன்று பட்டை விபூதி. "குனியுங்கள்" என்றார். சங்கரன் குனிந்தார். கீழே பிடித்திருந்த கறுப்புக் காகிதத்தில் பொலபொலவென்று வெள்ளை உதிர்ந்தது. அந்தக் கடை விபூதியில் சாம்பலைவிடச் சுண்ணாம்புக்கல் பொடிதான் அதிகம் இருந்தது. சரிபார்க்கச் சரிபார்க்கக் குனிந்திருக்கிறார், குனியக் குனிய உதிர்ந்திருக்கிறது.

வேலை போகவில்லை, பெயர்தான் போயிற்று. கேன்டீனில் 'பபூத் சார்' ஆனார், அதாவது விபூதி வாத்தியார். அதற்கப்புறம் ருக்கு காலையில் பூஜை முடித்து இட்டுவிடுகிற விபூதியை, செம்பூர் ஸ்டேஷனில் மூன்றாவது தூணுக்குப் பின்னால் நின்று, ஈரக் கைக்குட்டையால் துடைத்துவிட்டுத்தான் வெளியே வருவார். ருக்குவிடம் சொன்னதில்லை. தினமும் வெள்ளை படிந்த கைக்குட்டையைத் துவைக்கிறவள் அவள்தான் என்பது பதினொரு வருஷத்தில் ஒருமுறைகூட அவருக்குத் தோன்றவில்லை.

இன்னொரு பழக்கமும் வந்தது. கோட்டில் புதிதாக ஒரு பள்ளம் கண்டால் கை தானாக நெற்றிக்குப் போகும். பிறகு அந்தக் கோட்டை ஒதுக்கிவிட்டு, பள்ளம் வராமல் போகும்வரை மறுபடி ஓட்டுவார். அநேகமாக இரண்டாம் தடவையே போய்விடும். போனதும் பெருமூச்சு விட்டுக் கையெழுத்துப் போடுவார்.

போன ஜூலையில் ஒரு வெள்ளிக்கிழமை. வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. வடாலாவில் வண்டி நாற்பது நிமிஷம் நின்றது. செம்பூரில் இறங்கியபோது கூட்டம் அவரை மூன்றாவது தூணில் நிற்கவிடாமல் தள்ளிக்கொண்டே போய் வெளியே விட்டது. மழைத் தண்ணீரிலேயே நெற்றியைத் தேய்த்துக்கொண்டு ஓடினார்.

மேஜைமேல் பன்னிரண்டு சீசாக்கள் காத்திருந்தன. குழந்தைகளுக்கான இருமல் சிரப்பில் மருந்தைக் கரைக்கிற திரவம் அது. நிறமில்லாதது, கொழகொழப்பானது, லேசாகத் தித்திப்பது. ஒரு கம்பெனி வாங்கிய பன்னிரண்டு டிரம்மிலிருந்து டிரம்முக்கு ஒரு மாதிரி. இது அந்தத் திரவம்தானா என்று பார்த்து, ஆமாம் என்று எழுத வேண்டும். அவ்வளவுதான் வேலை.

எட்டு வரைக்கும் பிசகில்லை. ஒன்பதாவது சீசாவின் கோட்டில், வலக் கோடியில், ஒரு பள்ளம்.

கை நெற்றிக்குப் போயிற்று. எழுந்து போய் முகத்தைக் கழுவினார், தகட்டை மாற்றினார், மறுபடி ஓட்டினார். பள்ளம் அங்கேயே இருந்தது. பத்து, பதினொன்று, பன்னிரண்டு ஆகிய மூன்றையும் ஓட்டினார். சுத்தம். திரும்பவும் ஒன்பது. பள்ளம்.

விபூதியின் பள்ளம் விழும் இடம் அவருக்குத் தூக்கத்திலும் தெரியும். இது அங்கேதான் விழுந்திருந்தது. இல்லை, அங்கே இல்லை, ஒரு நூல் இடப்பக்கம் தள்ளி விழுந்திருந்தது. அந்த ஒரு நூலில்தான் சங்கரனின் முதுகு சில்லிட்டது.

நிறமில்லாத, கொழகொழப்பான, தித்திப்பான திரவம் இன்னொன்றும் இருக்கிறது. டைஎத்திலீன் கிளைக்கால் என்று பெயர். பிரேக் ஆயிலில் சேர்ப்பார்கள். கண்ணுக்கும் நாக்குக்கும் வித்தியாசம் தெரியாது, சிறுநீரகத்துக்குத் தெரியும். அது கலந்த மருந்தைக் குடித்த குழந்தைக்கு இரண்டொரு நாளில் மூத்திரம் நின்றுபோகும். பிறகு எதைக் கொடுத்தாலும் பல பிள்ளைகள் எழுந்திருப்பதில்லை. அதன் பள்ளம் விழும் இடம் விபூதிக்குப் பக்கத்து வீடு.

ஒன்பதாவது கோட்டை எடுத்துக்கொண்டு அவர் சாதனாவின் அறைக்குப் போனார். பரிசோதனைச் சாலைக்குத் தலைவி அவள். நாற்பது வயது, மாட்டுங்காவில் இவர் வீட்டுக்கு நாலு தெரு தள்ளி வீடு, ராத்திரியில் ருக்குவோடு போனில் ஊர்க்கதை பேசுகிறவள். டெல்லி நிபுணர் வந்த அன்று கறுப்புக் காகிதத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது புதிதாகச் சேர்ந்திருந்த அவள் கைதான். எதிரே ஆதர்ஷ் என்ற இளைஞன், மருந்துக் கம்பெனியின் ஆள், மேஜைமேல் ஒரு கேக் பெட்டியை வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தான்.

"சங்கரன் சார், ரிப்போர்ட் ஆயிடுத்தா?" என்றாள் சாதனா. "வாஷிக்கு அந்தப் பக்கம் இவா ஃபேக்டரில டேங்க் காலியா நிக்கறதாம். காலம்பறலேர்ந்து எனக்கு எட்டு போன்."

"பதினொண்ணு ஆயிடுத்து. இந்த ஒன்பதை மட்டும் செத்தப் பாருங்கோளேன்."

பார்த்தாள். உதட்டோரம் லேசாக ஒரு சிரிப்பு வந்தது. "யாரு, உங்க பழைய சிநேகிதரா?"

"இல்லைன்னு தோணறது. அவருக்கு ஒரு நூல் தள்ளி விழறது."

"ஈர நாள் சார். கோடு ஒரு நூல் அங்க இங்க ஆடாதா?" என்று நிமிர்ந்தவளின் பார்வை அவர் முகத்தில் ஓரிடத்தில் நின்றது. குரலைத் தாழ்த்தினாள். "கோச்சுக்காதேள். இடது புருவத்துல இருக்கு."

சங்கரன் புருவத்தைத் தடவினார். விரல் நுனியில் வெள்ளையாகப் பிசுபிசுத்தது. மழையில் தேய்த்தும், முகம் கழுவியும் ரோமத்துக்குள் ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறது.

"அரே, அந்த பபூத் சார் நீங்கதானா அங்கிள்?" என்று ஆதர்ஷ் எழுந்தே விட்டான். "எங்க டிரெய்னிங்ல ஃபர்ஸ்ட் டே இந்தக் கதைதான் சொல்வாங்க! ஒரு செல்ஃபி எடுத்துக்கலாமா?"

"பெரிய மெஷின்ல ஒரு தரம் போட்டுட்டா சந்தேகம் தீந்துடும்" என்றார் சங்கரன் சாதனாவிடம். திரவத்தை ஆவியாக்கித் தனித்தனியாகப் பிரித்துக் காட்டுகிற இயந்திரம் அது.

"அதுக்கு கேஸ் சிலிண்டர் வரணும். சயான்ல தண்ணிக்குள்ள லாரி நிக்கறது, திங்கக்கிழமைதான் வரும். இவா நம்மகிட்ட கேட்டிருக்கறது சரக்கு இன்னதுதானான்னு மட்டும். மத்த டெஸ்டெல்லாம் இவா லேப்ல பண்றாளே?"

"ஹாங் ஹாங், எல்லாம் பண்றோம்" என்றான் ஆதர்ஷ். சொன்னபோது அவன் போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. சங்கரன் அதைக் கவனித்தார். பயந்தவர்களின் கண்ணுக்கு இந்த மாதிரிச் சில்லறை விஷயங்கள் தப்புவதில்லை.

"நன்னா மூஞ்சியை அலம்பிண்டு இன்னொரு தரம் ஓட்டுங்கோ" என்றாள் சாதனா. "நாலு மணிக்கு எனக்குக் கையெழுத்து வேணும்."

அறைக்குத் திரும்பியபோது மணி இரண்டு. உலர்த்தும் பெட்டி உறுமியது. வெளியே அத்தனை மழை பெய்தும் அறைக்குள் நாக்கு ஒட்டிக்கொண்டது. சோப்புப் போட்டுப் புருவத்தைத் தோல் சிவக்கத் தேய்த்துவிட்டு வந்து ஒன்பதை ஓட்டினார். அதே பள்ளம், அதே ஆழம். இப்போது யார் நம்புவார்கள்? அவரே நம்பவில்லையே. பதினொரு வருஷம் முன்பும் இதே நாற்காலியில் உட்கார்ந்துதான் சந்தேகமே இல்லை என்று எழுதினார். மறுபடி அப்படி எழுதி, அது மறுபடி விபூதியாகப் போனால் பம்பாயில் எந்தப் பரிசோதனைச் சாலையும் அவரைக் கண்ணாடி துடைக்கக்கூடக் கூப்பிடாது. எழுதாமல் விட்டு, அது விபூதியாக இல்லாமல் போனால்? ஒரு டிரம் திரவத்தில் எத்தனை ஆயிரம் பாட்டில் சிரப் வரும் என்று மனசு பெருக்கத் தொடங்கியது. பாதியில் நிறுத்திக்கொண்டார்.

அப்போதுதான் கண் எட்டாவது சீசாவுக்குப் போயிற்று. அதிலிருந்து ஒரு துளி எடுத்து, ஒன்பது என்று பெயர் கொடுத்து ஓட்டினால் போதும். அழகான கோடு வரும். யாரும் கேட்கப் போவதில்லை. நினைத்து முடிப்பதற்குள் அவர் கை எட்டாவது சீசாவின் மூடியைத் திருகித் திறந்தேவிட்டது. நாய்க்கும் லிஃப்டுக்கும் ரயிலுக்கும் பயந்திருக்கிறார், தன் கைக்கே பயந்தது அன்றுதான். மூடியை விரல்களுக்கு இடையில் பிடித்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

திறந்த சீசாவைப் பார்த்துக்கொண்டே இருந்தபோது ஒன்று தோன்றியது. எட்டு சுத்தமானது. அதில் வேண்டுமென்றே விபூதியைப் போட்டால்? இத்தனை வருஷமும் விபூதி விழாமல் இருக்கத்தான் பாடுபட்டார். இந்தத் திரவத்தில் விழுந்தால் அதன் முகம் எப்படி இருக்கும் என்று ஒருநாளும் பார்த்ததில்லை.

ஆனால் விபூதிக்கு எங்கே போவது? புருவத்தில் இருந்ததையும்தான் சோப்புப் போட்டாயிற்றே.

பின்கட்டில் கண்ணாடிச் சாமான்கள் கழுவுகிற அறை இருந்தது. கழுவுகிறவள் முருகம்மாள், தாராவி தொண்ணூறடி ரோட்டிலிருந்து வருகிறவள், திருநெல்வேலிப் பக்கத்துக்காரி. முழங்கை வரைக்கும் நுரையோடு திரும்பினாள்.

"முருகம்மா, உங்கிட்ட விபூதி இருக்கா?"

"யாரு, நீங்களா கேக்கிய? தெனமும் மூணாந்தூணுல நின்னு தொடைச்சிட்டு வர்ற ஆளா?"

சங்கரன் திடுக்கிட்டார். "உனக்கு எப்படித் தெரியும்?"

"நானும் அங்கனதான எறங்குதேன். ஸ்டேசன்ல வடாபாவ் விக்கவனுக்கே தெரியும் சாமி, எனக்குத் தெரியாதா?" கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு கிட்டே வந்து பார்த்தாள். "மூஞ்சி ஏன் இப்படி வெளிறிக் கெடக்கு? எதையும் பாத்துப் பயந்துட்டியளா? குனிங்க. எங்க சொடலை துன்னூறு, பூசி விடுதேன். ஒரு பய கிட்ட வரமாட்டான்." இடுப்பிலிருந்த சுருக்குப் பையைத் திறந்து ஒரு சிட்டிகை எடுத்தேவிட்டாள்.

சங்கரன் பாம்பைக் கண்டவர்போலப் பின்னால் துள்ளினார். முதுகு அலமாரியில் இடித்து முப்பது பீக்கர்கள் கிணுகிணுத்தன. "நெத்தில வேண்டாம்! நெத்தில வேண்டாம்! காகிதத்துல குடு!"

"காயிதத்துலயா? சாமி துன்னூற யாராச்சும் பார்சல் வாங்குவாவளா?"

"மெஷினுக்கும்மா."

"போச்சுடா! உங்ககூட இருந்து இருந்து மெஷினுக்கும் பயம் புடிச்சிட்டா?"

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. "இதை எந்தக் கடையில வாங்கினே?" என்றார்.

"மாட்டுங்கா மார்க்கெட்டுல, உங்க வீட்டம்மா அங்கன பாத்தப்ப சொன்ன அதே கடதான். வாங்கி, சாமி காலடியில வச்சு எடுத்தது."

அதே கடை. அதே சுண்ணாம்பு. "குழந்தைகள் குடிக்கற மருந்துல ஒரு சந்தேகம் முருகம்மா. இது அதுல விழுந்திருக்கா, இல்லை வேற ஒண்ணு விழுந்திருக்கான்னு பாக்கணும்."

முருகம்மாள் பையிலிருந்ததைக் காகிதத்தில் முழுக்கக் கொட்டினாள். நாலாக மடித்து, மடிப்பை நகத்தால் அழுத்திக் கொடுத்தாள். "பச்சப்பிள்ள குடிக்கதுலயா?" என்று மட்டும் கேட்டாள்.

எட்டாவது சீசாவிலிருந்து ஒரு துளி. அதில் ஒரு சிட்டிகை சுடலை விபூதி. தகடுகளுக்கு நடுவே வைத்தபோது தெய்வ குற்றம் செய்கிற மாதிரி இருந்தது. மனசுக்குள் சுடலையிடமும், வீட்டில் ருக்கு கும்பிடுகிற சாமியிடமும் தனித்தனியாக மன்னிப்புக் கேட்டுவிட்டுப் பொத்தானை அமுக்கினார்.

கோடு ஊர்ந்து வந்தது. விபூதியின் பள்ளம் தன் வழக்கமான இடத்தில் இறங்கியது. அதோடு நிற்கவில்லை. இடப்பக்கத்தில் அகலமாக, எருமை படுத்து எழுந்த குட்டைபோல இன்னொரு பள்ளமும் விழுந்தது. சுண்ணாம்புக்கல் வந்தால் இரண்டும் சேர்ந்துதான் வரும், ஒன்று மட்டும் வராது. ஒன்பதாவது கோட்டை எடுத்து இதன்மேல் வைத்தார். ஒன்பதில் அந்த அகலப் பள்ளம் இல்லவே இல்லை. சின்னப் பள்ளமும் ஒரு நூல் தள்ளி, பக்கத்து வீட்டில்தான் நின்றது. ஈரத்தில் ஆடிய கோடு அல்ல அது.

பதினொரு வருஷமாகத் தன் நெற்றி இதற்குக் காரணமாக இருக்கக் கூடாதே என்று வேண்டிக்கொண்டிருந்தவர், அந்த நிமிஷம், கடவுளே, என் நெற்றியாகவே இருக்கக் கூடாதா என்று வேண்டினார். பதிலுக்கு உலர்த்தும் பெட்டிதான் உறுமியது.

பெரிய இயந்திரத்துக்கு ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருந்த அந்த விஷத்தின் குட்டிச் சீசா அலமாரியில் பூட்டியிருந்தது. திறந்து எடுத்தார். எட்டாவது சீசாத் திரவத்தில் அதைக் கொஞ்சம் கலந்து ஓட்டினார். வந்த கோட்டை ஒன்பதின்மேல் வைத்தார். இரண்டும் ஒன்றாகப் படிந்தன. நடுவில் ஒரு தலைமயிர் நுழைய இடமில்லை.

மூன்று காகிதங்களோடு அவர் சாதனாவின் அறைக்குப் போனபோது மணி மூன்றே முக்கால். அவள் காகிதங்களை வாங்கி, ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள்.

"இது விபூதி?" என்றாள்.

"ஆமாம். முருகம்மா குடுத்தது. நானே போட்டேன்."

"நீங்களே போட்டேளா!" அவளுடைய முகத்தில் முன்பு இருந்த சிரிப்பு இல்லை.

ஆதர்ஷ் எட்டிப் பார்த்தான். "டென்ஷன் ஏன் மேடம்? ஒன்பதை விட்டுடுங்க. மீதி பதினொண்ணுக்கு ரிப்போர்ட் குடுங்க. ஒன்பதை நாங்க ரிட்டர்ன் பண்ணிடறோம்."

"அது எங்க போகும்?" என்றார் சங்கரன். அந்தக் குரல் எங்கிருந்து வந்தது என்று அவரே சுற்றிப் பார்த்தார்.

"வித்தவனுக்கு, அங்கிள்."

"அவன் அதை என்ன பண்ணுவான்?"

ஆதர்ஷ் கேக் பெட்டியைத் திறந்தான். சாதனா கேக் பெட்டியை மூடி அவன் பக்கம் தள்ளினாள். "பன்னிரண்டும் சீல் ஆகணும், ஒரு டிரம்கூடத் திறக்கக் கூடாது. உங்க டைரக்டர் நம்பரைக் குடுங்கோ. மருந்துக் கட்டுப்பாட்டு ஆபீசுக்கும் நான் இப்பவே எழுதறேன். கையெழுத்து சங்கரன் சாரோடது, கீழ என்னோடது."

ஆதர்ஷ் போனில் நம்பரைத் தேடினான். திடீரென்று நிறுத்தினான். "மேடம்... எங்க வீட்டுல பையனுக்கு ரெண்டு வயசு. கம்பெனி சிரப்தான் எடுத்துட்டுப் போய்க் குடுக்கறேன். நேத்தும் குடுத்தேன். அது போன மாசம் வந்த டிரம்முல பண்ணினது." அவன் சங்கரனைப் பார்த்தான். செல்ஃபி கேட்ட முகம் அல்ல அது. "அங்கிள், போன மாசச் சரக்கும் நீங்கதானே பாஸ் பண்ணீங்க? அது நல்லா இருந்துதுல்ல?"

சங்கரன் போன மாதத்தை மனசில் புரட்டினார். கையெழுத்துப் போட்ட கோடுகள் அத்தனையும் அழகானவை. ஆனால் பள்ளம் கண்டு ஒதுக்கியவை? பள்ளம் போகும்வரை மறுபடி ஓட்டினாரே, அவை?

"ரெண்டு கோட்டை நான் ஒதுக்கினேன்" என்றார். "பள்ளம் இருந்தது. விபூதின்னு நினைச்சுண்டேன். நினைச்சுண்டேன், அவ்வளவுதான். பாக்கலை."

மூன்று பேரும் அந்த ஜன்னலில்லாத அறைக்குள் போனார்கள். ஒதுக்கிய கோடுகளையும் இயந்திரம் மறப்பதில்லை, பொறுமையாகத் தேடினால் கிடைக்கும். சங்கரன் தேடினார். போன மாதம், இரண்டாவது வாரம், நாலாவது டிரம், முதல் ஓட்டம். திரையில் கோடு இடப்பக்கத்திலிருந்து மெல்ல வரத் தொடங்கியது. ஆதர்ஷின் மூச்சு அவர் தோளில் சுட்டது. கண்ணை மூடிக்கொள்ள வேண்டும் என்று தோன்றியது. மூடவில்லை.

கோட்டின் நடுவே அகலமாக, எருமை படுத்து எழுந்த குட்டை.

"விபூதி" என்றார் சங்கரன். "என்னோட விபூதிதான்!" அடுத்ததைத் திறந்தார். ஏழாவது டிரம். அங்கேயும் குட்டை, அதற்குரிய சின்னப் பள்ளம், ஒரு நூல்கூட நகராமல் தன் வீட்டில். "இதுவும் என்னுதுதான். ரெண்டும் என்னோட தப்புதான்!" சாதனாவின் இரண்டு கைகளையும் பிடித்துக் குலுக்கினார். தான் செய்த தப்பு நிரூபணமானதற்கு ஒரு மனிதர் அவ்வளவு சந்தோஷப்பட்டதைச் செம்பூர் கண்டதில்லை. ஆதர்ஷ் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். உட்கார்ந்த இடத்திலிருந்தே வீட்டுக்குப் போன் போட்டு, பையன் மூத்திரம் போனானா என்று மூன்று தடவை கேட்டான். சரக்கு சுத்தம்தான் என்று தெரிந்த பிறகும் கேட்டான்.

சிலிண்டர் திங்கட்கிழமை வந்தது. செவ்வாய்க்கிழமை பெரிய இயந்திரம் தீர்ப்புச் சொல்லிற்று. ஒன்பதாம் டிரம்மில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் விஷம்.

மிஞ்சிய விபூதியை சங்கரன் ஒரு குட்டிச் சீசாவில் போட்டு, லேபிள் ஒட்டி, ஒப்பிட்டுப் பார்க்கும் பொருள்களின் அலமாரியில் வைத்தார். சரக்கின் பெயர், கிடைத்த இடம், வந்த நாள், காலாவதி நாள் எல்லாம் விதிப்படி எழுதினார். அலமாரி துடைக்க வந்த முருகம்மாள் அதைப் பார்த்துவிட்டாள்.

"ஏன் சாமி, இந்த நம்பரு என்ன?"

"அந்தத் தேதிக்கப்புறம் உபயோகிக்கக் கூடாதுன்னு அர்த்தம்."

"எங்க சொடலைக்கு எக்ஸ்பைரியா? அவன் காதுல விழுந்துச்சுன்னா மொதல்ல உங்களுக்குப் போட்டுருவான் தேதி." சங்கரன் அன்று முழுவதும் அந்தச் சீசா இருந்த பக்கம் முதுகைக் காட்டாமல் நடந்தார்.

பயம் போய்விட்டது என்று சொன்னால் அது பொய். ரயிலில் ஏதாவது ஒரு குழந்தை இருமினால் இன்றைக்கும் அவர் கை நெற்றிக்குப் போகிறது. அது எந்தக் கம்பெனி சிரப் குடிக்கிறதோ என்று தாயின் பையை எட்டிப் பார்த்து, ஒருமுறை திருட்டுப் பட்டம் வாங்க இருந்தார்.

அந்த வெள்ளிக்கிழமைக்கு மறுநாள் காலை, ருக்கு பூஜை முடித்து வந்து வழக்கம்போல மூன்று பட்டையாக விபூதி இட்டாள். இட்டுவிட்டு அவர் சட்டைப் பையில் கைக்குட்டையைச் செருகினாள். ஒன்றல்ல, இரண்டு.

"எதுக்கு ரெண்டு?" என்றார் சங்கரன்.

"ஒண்ணு நெத்திக்கு" என்றாள் ருக்கு, கண்ணாடி முன்னால் தன் பொட்டைச் சரி செய்துகொண்டே. "இன்னொண்ணு புருவத்துக்கு."